வரவே! சைக்கிள் குடும்பத்துக்கு வரவே!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: 'வீட்டில் ஒரு சைக்கிள் பிரியர் இருப்பது குடும்பத்துக்கு வரவா? செலவா?' 'வரவே' என்ற அணியில் நிறைவாகப் பேசிய ஆசிரியை ஒருவரின் உரை.)



நடுவர் அவர்களே! எதிரணியில் பேசியவர்கள் என்ன சொன்னார்கள்? ஒருத்தர் சொன்னார், "சைக்கிள் வாங்கினா கடைக்காரன் பெல்லை இலவசமாத் தருவான், முதுகு வலியையும் இலவசமாத் தருவான்"னு. இன்னொருத்தர் சொன்னார், "சைக்கிள் பைத்தியத்தைக் கட்டிக்கிட்டவ ஞாயித்துக்கிழமை புருஷன் முகத்தைப் பாக்கணும்னா ஊர் எல்லையில போய்த்தான் நிக்கணும்"னு. நீங்களும் நல்லாக் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா, நான் கட்டிக்கிட்டிருக்கிறதே அப்படி ஒரு சைக்கிள் பைத்தியத்தைத்தான்! (சிரிப்பு)

அவங்க கேள்விப்பட்டுப் பேசறாங்க அய்யா. நான் குடும்பம் நடத்திப் பேசறேன். வரவு செலவுன்னு தலைப்புக் குடுத்துட்டீங்க. அதனால நானும் கணக்கு நோட்டு மாதிரி பக்கம் பக்கமாப் பிரிச்சுக்கிட்டு வந்திருக்கேன். முதல் பக்கம் உடம்பு. ரெண்டாவது பக்கம் வீடு. மூணாவது பக்கம் பணம். நாலாவதா ஒரு பக்கம் இருக்கு. அது எதிரணி நண்பர்கள் யாருமே புரட்டாத பக்கம். அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல உடம்பு. முதுகு வலி.

என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல ஒன்பது மணி நேரம் நாற்காலியில உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பாக்கறவர். 2020-ல ஊரடங்கு வந்துச்சு. ஊரே சைக்கிள் வாங்கிச்சு. அவரும் வாங்கினார். ஊரடங்கு முடிஞ்சதும் பாதிப் பேர் வீட்டு சைக்கிள் துணி காயப்போடற ஸ்டாண்டா மாறிடுச்சு. இவர் மட்டும் விடலை. பதினெட்டாயிரம் ரூபாய்க்கு கியர் சைக்கிள். முதல் நாள் பத்து கிலோமீட்டர். ரெண்டாவது நாள் இருபது. பதினஞ்சாவது நாள் மனுஷன் குனிஞ்சு செருப்புப் போட முடியலை! எங்க அத்தை ஒரே வார்த்தை சொன்னாங்க: "அதைத் தூக்கிப் பரண்ல போடு, இவனைத் தூக்கி ஆஸ்பத்திரியில போடு!" (சிரிப்பு)

இதைத்தானே எதிரணி நண்பர் சொன்னார்? இங்கேயே நிறுத்திட்டா அவர் கட்சி ஜெயிச்சிடும். ஆனா கதை இங்கே நிக்கலையே! பிசியோதெரபிஸ்ட் கிட்டப் போனோம். நான் என்ன நினைச்சேன்? 'சைக்கிளை நிறுத்துங்க'ன்னு சொல்லுவார்னு நினைச்சேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா? "சார், நாளைக்கு வரும்போது சைக்கிளையும் கூட்டிக்கிட்டு வாங்க"ன்னார். நோயாளி ரெண்டு பேர்! (சிரிப்பு)

மறுநாள் சைக்கிளைச் சுவரோரமா நிறுத்தி, இவரை ஏத்தி உட்கார வச்சார். பெடலைக் கீழே கொண்டு வந்து, குதிகாலை அது மேல வைக்கச் சொன்னார். குதிகால் வைக்கும்போது கால் நேரா நீளணும். முன்பாதத்தை வச்சு மிதிக்கும்போது முழங்கால் லேசா மடங்கணும். அதுதான் ஒரு மாதிரியான சரியான சீட் உயரம். இவர் சீட்டு மூணு விரல்கடை கூடுதல் உயரத்துல இருந்துச்சு. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியிருக்கு. ஹேண்டில்பார் கீழேயும் எட்டத்துலயும் இருந்துச்சு. மனுஷன் மணிக்கணக்கா கூனிக்கிட்டே போயிருக்கார். சீட்டை இறக்கினார். ஹேண்டிலை ஏத்திக் கிட்டக் கொண்டு வந்தார். சீட்டோட மூக்கை மட்டமா வச்சார். வயிறும் முதுகும் பலப்படறதுக்கு நாலு பயிற்சி சொன்னார். "ஒரே நாள்ல ரெட்டிப்புத் தூரம் போகாதீங்க, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க"ன்னார். "வலி காலுக்குள்ள இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ, ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க"ன்னும் சொன்னார்.

நடுவர் அவர்களே, அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டு அக்குள் இறுக்குதுன்னா தையற்காரனைத் திட்டறதா? அளவு தப்பான சைக்கிளை ஓட்டிட்டு முதுகு வலிக்குதுன்னா சைக்கிளைத் திட்டறதா? (கைதட்டல்)

இன்னொரு கணக்கும் சொல்றேன். 2020-ல உலகம் முழுக்க இடுப்பு, கீழ்முதுகு வலியோட இருந்தவங்க 61.9 கோடிப் பேர். இது உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு. நான் கேக்கறேன், இந்த 61.9 கோடிப் பேரும் சைக்கிள்ல இருந்து இறங்கினவங்களா? இந்த அரங்கத்துல முதுகு வலி உள்ளவங்க மனசுக்குள்ள கையைத் தூக்குங்க. அதுல சைக்கிள் ஓட்டறவங்க மட்டும் தூக்கின கையை வச்சுக்குங்க. எத்தனை கை மிஞ்சும்? (சிரிப்பு)

முதுகு சரி, உயிர்? 2017-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பிரிட்டன்ல சுமார் 2,64,000 பேரை ஐந்து வருஷம் கவனிச்சுப் பாத்தாங்க. காரிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போனவங்களோட ஒப்பிட்டா, சைக்கிள்ல வேலைக்குப் போனவங்களுக்கு அந்தக் காலத்துல மரணம் நேர்ற ஆபத்து 41 சதவீதம் குறைவா இருந்துச்சு. சைக்கிள் ஒண்ணுதான் காரணம்னு அவங்களே அடிச்சுச் சொல்லலை. ஆனா ஒரு மனைவியா எனக்கு அந்தக் கணக்கு போதும் அய்யா! என் நோட்டுல முதல் பக்கம் வரவு.

இதுல ஒரு சின்ன சரித்திரம் இருக்கு. 1860-கள்ல ஓடின சைக்கிளுக்கு ரப்பர் டயர் கிடையாது. மரச் சக்கரம், மேலே இரும்புப் பட்டை. கல் பாவின தெருவுல ஓட்டினா உடம்புல இருக்கிற எலும்பெல்லாம் இடம் மாறிடும். இங்கிலாந்துக்காரன் அதுக்கு வச்ச பட்டப்பேரே 'எலும்புலுக்கி'! அதுக்கப்புறம் 1880-களோட கடைசியில பெல்ஃபாஸ்ட் நகரத்துல ஒரு கால்நடை டாக்டர், ஜான் டன்லப்னு பேரு, தன் மகன் ஓட்டற மூணு சக்கர சைக்கிள் கடகடன்னு ஆடுதேன்னு பார்த்தார். ரப்பர் குழாயில காத்தை அடைச்சு சக்கரத்துல சுத்தினார். காத்தடைச்ச டயர் உலகத்துல பரவினது அதுக்கப்புறம்தான். பிள்ளைக்கு உடம்பு குலுங்கக் கூடாதுன்னு ஒரு அப்பா பட்ட கவலைதான் இன்னைக்கு நம்ம எல்லார் வண்டிக்கும் கீழே உருண்டுக்கிட்டிருக்கு. சைக்கிளைக் குடும்பத்துல இருந்து பிரிச்சுப் பேசறவங்களுக்காக இதைச் சொன்னேன். (கைதட்டல்)

ரெண்டாவது பக்கம், வீடு.

எதிரணித் தோழி ரொம்ப வருத்தப்பட்டார். "ஹால்ல சைக்கிள், துண்டுல கிரீஸ், சுவத்துல டயர் தடம்"னு. உண்மைதான் அம்மா. நான் மறைக்கலை. எங்க வீட்டுல புதுசா வாங்கின பூத்துவாலை ஒண்ணு காணாமப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு பால்கனியில கண்டுபிடிச்சேன். செயினைத் துடைச்சிக்கிட்டிருந்தது! (சிரிப்பு) கேட்டா, "இது நல்லா உறிஞ்சுதும்மா"ங்கறார்!

அதுக்காகச் சைக்கிளை விரட்ட முடியுமா? சட்டம் போட்டேன். பால்கனியில பழைய பாய், அதுக்கு மேலதான் சைக்கிள். கிழிஞ்ச பனியன் ரெண்டு, அதுதான் செயின் துடைக்க. மாசத்துல ரெண்டு ஞாயிறு அவர் எங்கே வேணும்னாலும் மிதிக்கலாம். மத்த ரெண்டு ஞாயிறு குடும்பத்துக்கு. காலையில ஆறு மணிக்கு வெளியே போறவர் உழவர் சந்தை வழியாத்தான் திரும்பணும். கீரை, முருங்கைக்காய், கறிவேப்பிலை இல்லாம உள்ளே நுழையக் கூடாது. இன்னைக்கு எங்க தெருவிலேயே பனி ஈரம் காயாத கீரை முதல்ல வர்ற வீடு எங்க வீடுதான்!

இன்னொண்ணு சொல்லணும். எங்க பொண்ணுக்குப் பதினோரு வயசு. அவ அப்பாவோட உட்கார்ந்து பஞ்சர் ஒட்டக் கத்துக்கிட்டா. டியூபைத் தண்ணியில முக்கறது, எங்கே குமிழி வருதுன்னு பாக்கறது, உப்புத்தாள் வச்சுத் தேய்க்கறது, சொல்யூஷன் தடவி, அது கொஞ்சம் காயற வரைக்கும் பொறுத்திருந்து ஒட்டறது. செல்போனைக் கையில எடுத்தா கீழே வைக்காத பிள்ளை, ஒரு டியூபுக்காக அஞ்சு நிமிஷம் பொறுமையாக் காத்திருந்தா. இந்தப் பொறுமையை எந்த டியூஷன்ல சொல்லித் தர்றாங்க? எவ்வளவு ஃபீஸ்? இதை வரவுல எழுதறதா, செலவுல எழுதறதா?

கௌரவக் குறைச்சல்னு சொன்னாங்களே, அதுக்கும் பதில் சொல்லிடறேன். ஒரு காலத்துல மாப்பிள்ளை வீட்டுல வாட்ச், ரேடியோ, சைக்கிள்னு கேட்டு வாங்கினாங்க. அன்னைக்கு மாப்பிள்ளை சைக்கிள் கேட்டா மாமனார் கடனாளி. இன்னைக்கு மாப்பிள்ளை சைக்கிள்ல வந்தா மாமனாருக்குச் சந்தேகம், 'வேலை கீலை போயிடுச்சோ?' (பலத்த சிரிப்பு) எங்க அடுக்குமாடி வாட்ச்மேன் ஆறு மாசம் தினமும் கேட்டார், "என்ன சார், வண்டி ரிப்பேரா?"ன்னு. ஒரு நாள் இவர் சொன்னார், "வண்டி நல்லா இருக்கு, நான்தான் ரிப்பேர், சரி பண்ணிக்கிட்டிருக்கேன்"னு. அதுக்கப்புறம் அவர் கேக்கலை. கௌரவம் வண்டியில இல்லை நடுவர் அவர்களே, ஓட்டறவன் பதில்ல இருக்கு!

ரோடு ஆபத்துன்னு சொன்னாங்க. இதுதான் எதிரணியில இருந்து வந்த கனமான வாதம். நான் மதிக்கிறேன். இவர் ஹெல்மெட் இல்லாம இறங்கறதில்லை. முன்னால வெள்ளை விளக்கு, பின்னால சிவப்பு விளக்கு. லாரி ஓடற மெயின் ரோட்டை விட்டுட்டு ரெண்டு கிலோமீட்டர் சுத்தி வாய்க்கால் ரோட்டுல போறார். இருந்தாலும் அவர் திரும்பி வர்ற வரைக்கும் என் காது வாசல்லதான் இருக்கு. அந்த பெல் சத்தம் கேட்டப்புறம்தான் எனக்குக் காபி இறங்கும்.

ஆனா அந்த பயத்துக்குக் காரணம் சைக்கிளா? ஹாலந்து நாட்டுல 1971-ஆம் வருஷம் மட்டும் சாலை விபத்துல சுமார் 3,300 பேர் செத்தாங்க. அதுல 400 பேருக்கு மேல குழந்தைகள். பெத்தவங்க என்ன பண்ணினாங்க? 'பிள்ளைகளா, சைக்கிளை விட்டுடுங்க'ன்னா சொன்னாங்க? தெருவுக்கு வந்து போராடினாங்க. 'பிள்ளைகளைக் கொல்லாதே'ன்னு கேட்டாங்க. 1973-ல பெட்ரோல் தட்டுப்பாடும் வந்துச்சு. அரசாங்கம் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட ஆரம்பிச்சது. இன்னைக்கு அங்கே ஆறு வயசுப் பிள்ளையும் சைக்கிள்ல போகுது, எழுபது வயசுப் பாட்டியும் போறாங்க. பாதை சரியில்லைன்னா பாதையைக் கேளுங்க. பயணத்தை நிறுத்தாதீங்க! (கைதட்டல்)

மூணாவது பக்கம், பணம். எல்லாரும் எதிர்பார்க்கிற பக்கம்.

எங்க வீட்டுல இருந்து அவர் ஆபீஸ் ஒன்பது கிலோமீட்டர். போக வரப் பதினெட்டு. ஸ்கூட்டர் லிட்டருக்கு நாற்பத்தஞ்சு கிலோமீட்டர் குடுக்குது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்னு கணக்குக்கு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய். மாசம் இருபத்தஞ்சு நாள், ஆயிரம் ரூபாய். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். இந்தப் பக்கம் சைக்கிளுக்கு டயர், டியூப், பிரேக் கட்டை, எண்ணெய், வருஷம் ஒரு சர்வீஸ், எல்லாம் சேர்ந்து ரெண்டாயிரம். மிச்சம் பத்தாயிரம். சைக்கிள் பதினெட்டாயிரம், ஹெல்மெட் விளக்கு பம்ப் பூட்டு நாலாயிரம், ஆக இருபத்திரண்டாயிரம். ரெண்டே கால் வருஷத்துல போட்ட முதல் திரும்பி வந்துடுச்சு. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் எங்க வீட்டு உண்டியல்ல. ஸ்கூட்டரை நாங்க விக்கலை. மழைக்கும், கல்யாணத்துக்கும், அத்தையைக் கோவிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கும் அது இருக்கு.

"ஒரு சைக்கிளோட நிக்கறானா? ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு கேக்கறானே!"ன்னு எதிரணியில கேட்டாங்க. கேப்பான் அய்யா! சைக்கிள்காரங்களுக்குள்ள ஒரு சூத்திரமே இருக்கு. 'ஒரு மனுஷனுக்கு எத்தனை சைக்கிள் வேணும்? இப்ப இருக்கிறதோட இன்னும் ஒண்ணு!' (சிரிப்பு) எங்க வீட்டுலயும் அந்த ஜுரம் வந்தது. எண்பத்தஞ்சாயிரம் ரூபாய்ல ஒண்ணைக் காட்டினார். "இதுல என்ன விசேஷம்?"னு கேட்டேன். "இப்ப இருக்கிறதை விட நாலு கிலோ எடை குறைவும்மா, காத்து மாதிரி போகும்"னார். நான் சொன்னேன், "அந்த நாலு கிலோவை உங்க வயித்துல குறைச்சா காசே ஆகாதே!" (பலத்த கைதட்டல், சிரிப்பு) அன்னையில இருந்து ராத்திரி ரெண்டு தோசை குறைஞ்சிருக்கு. மாவும் மிச்சம்!

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல ஏத்தினா வண்டி தாங்காதுன்னு நம்ம வள்ளுவரே சொல்லி வச்சிருக்கார். நான் சொல்ல வந்ததும் அந்த ஒரு வார்த்தைதான் நடுவர் அவர்களே. அளவு! சீட்டு உயரம் அளவு தப்பினா முதுகு வலி. ஞாயித்துக்கிழமை அளவு தப்பினா வீட்டுல சண்டை. ஆசை அளவு தப்பினா கடன். இந்த மூணும் சைக்கிளோட குத்தம் இல்லை. அளவை மறந்தவன் குத்தம். அளவை அவனுக்கு ஞாபகப்படுத்தறதுக்குத்தானே வீட்டுல நாம இருக்கோம், தாய்மார்களே! (கைதட்டல்)

இப்போ நான் சொன்ன நாலாவது பக்கம். நேரம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. எங்க அம்மா கல்குவாரியில கூலி வேலை பாத்தவங்க. ஊருல இருந்து குவாரி ஆறு கிலோமீட்டர். வேலை சாயங்காலம் அஞ்சரைக்கு முடியும். பஸ் ஏழு மணிக்கு. அதுவும் வந்தா வரும். அம்மா வீட்டுக்குள்ள நுழையும்போது மணி எட்டாயிடும். நாங்க பாதி நாள் அரைத்தூக்கத்துலதான் அம்மா கையால சாப்பிட்டிருக்கோம். பகல் வெளிச்சத்துல அம்மா முகத்தைப் பாக்கறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான்.

1991-ல எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்தது. பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தாங்க. கூடவே பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் குடுத்தாங்க. அப்போ மாவட்ட ஆட்சியரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத்னு ஒரு பெண்மணி. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் அவங்க முயற்சி எடுத்தாங்க. 1992 மகளிர் தினத்தன்னைக்கு 1,500-க்கும் மேல பெண்கள் ஹேண்டில்பார்ல கொடி கட்டிக்கிட்டு, பெல் அடிச்சுக்கிட்டு, புதுக்கோட்டை நகரத்துக்குள்ள சைக்கிள்ல வந்தாங்க. ஊரே வாயைப் பிளந்துக்கிட்டுப் பாத்துச்சு.

அதுக்கு முன்னால பட்டது கொஞ்சமா? பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சைக்கிள்னு கேட்டவங்க உண்டு. காது கூசற மாதிரி பேசினவங்க உண்டு. எங்க அம்மா நிலா வெளிச்சத்துல, ஊர் அடங்கினப்புறம் களத்து மேட்டுல பழகினாங்க. பசங்க எல்லாம் குரங்குப் பெடல் போட்டுப் பழகற வயசு பத்து. எங்க அம்மா குரங்குப் பெடல் போட்டது முப்பத்திரண்டு வயசுல, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு! முட்டியில ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தாங்க. மறுநாளும் போனாங்க.

லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. நிறையப் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க. அதுல ஒரு சௌகரியமும் இருந்துச்சு. நடுவுல பார் இருக்கே, அதுல பிள்ளையை உட்கார வைக்கலாம். எனக்கு அப்போ எட்டு வயசு. பின்னால கேரியர்ல தண்ணிக்குடம், முன்னால பார்ல நான்.

சைக்கிள் வந்தப்புறம் அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாங்க தெரியுமா? ஆறு மணி, ஆறேகால். வானத்துல வெளிச்சம் இருக்கும். எங்களை உட்கார வச்சுச் சோறு போட்டுட்டு, ஏழு மணிக்கு அறிவொளி வகுப்புக்குப் போனாங்க. மூணே மாசத்துல கைநாட்டு கையெழுத்தா மாறிச்சு. எட்டு மணிக்கு வந்துக்கிட்டிருந்த அம்மா, ஆறேகாலுக்கு வந்தாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணேமுக்கால் மணி நேரம். அதை எந்த முதலாளியும் தரலை, எந்தச் சாமியும் தரலை. ரெண்டு சக்கரம் தந்தது. என் நோட்டுல நாலாவது பக்கத்துல எழுதியிருக்கிறது அந்த ஒண்ணேமுக்கால் மணி நேரம்தான். இதுக்கு என்ன விலை போடுவீங்க, எதிரணி நண்பர்களே? (பலத்த கைதட்டல்)

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம்ம தமிழ்நாட்டுல 2001-02-ல பிளஸ் ஒன் படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் குடுக்க ஆரம்பிச்சாங்க. 2005-06-ல அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும்னு அது விரிஞ்சது. பீகார் மாநிலத்துல 2006-ல ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் குடுத்தாங்க. அதோட பலனை ஆராய்ஞ்சு 2017-ல கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் எழுதினாங்க. அந்த வயசுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில சேர்றது 32 சதவீதம் கூடியிருக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைஞ்சிருக்கு.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்க பள்ளிக்கூட வேப்பமரத்துக்குக் கீழே வரிசையா நிக்கிற சைக்கிள்களைத் தினமும் பாக்கறேன். பஸ் வராத ஊர்ல இருந்து வர்ற பொண்ணுங்க அவங்க. எட்டாவதோட நிறுத்தியிருக்க வேண்டிய பொண்ணு பிளஸ் டூ முடிச்சு நர்ஸிங் போயிருக்கா. அவ வீட்டுல போய்க் கேளுங்க அய்யா, சைக்கிள் வரவா செலவான்னு!

எதிரணி நண்பர்கள் ஒண்ணு கேக்கலாம். "அம்மா, அவங்க சைக்கிள் ஓட்டினது தேவைக்கு. உங்க வீட்டுக்காரர் ஓட்டறது ஆசைக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா?" நல்ல கேள்வி. எங்க அம்மாவுக்கும் முதல்ல அது தேவையாத்தான் இருந்துச்சு. ஆனா குவாரி வேலையை விட்டப்புறமும், எழுபது வயசை நெருங்கற இன்னைக்கும், பக்கத்து ஊர் அக்காவைப் பாக்க சைக்கிள்லதான் போறாங்க. "பஸ்ஸுல போம்மா"ன்னா, "பஸ் நினைச்ச நேரத்துக்கு நான் போகணும், சைக்கிள்னா நான் நினைச்ச நேரத்துக்குப் போகலாம்"ங்கறாங்க. என் வீட்டுக்காரர் ஒன்பது மணி நேரம் முதலாளி நினைச்ச நேரத்துக்கு வாழ்றவர். அவருக்குன்னு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அந்த வாய்க்கால் ரோட்டுல கிடைக்குது. ஆபீஸ் கோபத்தை அங்கேயே மிதிச்சுத் தீர்த்துட்டு வீட்டுக்கு வர்றார். வாசல்ல நுழையறது என் புருஷன், ஆபீஸ் இல்லை! அந்த வரவை அனுபவிக்கிறது நானும் என் பொண்ணும்.

ஆகவே நடுவர் அவர்களே, நீங்கள் தீர்ப்பு எழுதும்போது ரசீதை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். கடையில் கொடுத்த பணம் ரசீதில் இருக்கும். பெட்ரோல் பங்கில் கொடுக்காத பணம் எந்த ரசீதில் இருக்கும்? அளவு பார்த்து வாங்கி, அளவோடு ஓட்டி, அளவாகச் செலவழித்தால், உடம்புக்கு வரவு, வீட்டுக்கு வரவு, பணத்துக்கு வரவு. எல்லாவற்றுக்கும் மேலே, குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்துக்கு வரவு. எனவே, வீட்டில் ஒரு சைக்கிள் பிரியர் இருப்பது குடும்பத்துக்கு வரவே, வரவே என்று அடித்துச் சொல்லி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)